வண்டியைச் சுற்றி நின்றவர்கள்

வென்ட்வேர்த்வில், சிட்னி
18 ஜனவரி 2025

அன்புள்ள மயூரா அக்காவுக்கு,

அம்மா சுகம். நான் சுகம். நீங்களும் கஜீவன் அத்தானும் சுகம் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது, விசயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மெல்பேர்னிலிருந்து வர ஒரு கிழமைக்கு மேல் எடுத்திருக்கிறது. நடந்து வந்திருந்தால்கூட முன்னுக்கு வந்திருக்கும். ஆய்வேட்டைக் கொடுக்கும்வரை போனை அணைத்து வைப்பது நல்ல முடிவுதான். ஆனால் "போனில் நீ என்னை ஒரு வசனம் முடிக்க விடுவதில்லை, கடிதத்தில்தான் உன்னால் குறுக்கே பேச முடியாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அது அநியாயம். நான் குறுக்கே பேசுவதில்லை. நீங்கள்தான் முடிக்க நேரம் எடுக்கிறீர்கள்.

அம்மா கடிதத்தை வாசித்துவிட்டு, "இவள் இன்னும் அந்தச் சண்டையையோ படிக்கிறாள்?" என்று கேட்டா.

"ஓம்."

"எட்டு வருசமாவோ?"

"ஓம்."

"அவங்கள் எவ்வளவு காலம் அடிபட்டவங்கள்?"

ஒரு பகல் என்றேன். அம்மா சமையலைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டா.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான். ஜூன் முப்பதுக்குள் நீங்கள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகம் உங்கள் பெயரை எடுத்துவிடும், இனி அவகாசம் தரமாட்டார்கள். நாலாம் அத்தியாயத்தில் ஒரு வண்டி வருகிறது. அந்த வண்டி மண்ணில் ஓடுமா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். சரி. கிரேன் நிறுத்துகிற இடத்தில் மண் தாங்குமா என்று பார்ப்பதுதான் என் வேலை. பரமட்டாவில் கிரேன், இத்தாலியில் மாட்டுவண்டி, மண் மண்தான். அத்தியாயத்தை அனுப்புங்கள். யாருக்கும் யாருக்கும் சண்டை, வண்டி எங்கே நின்றது, எவ்வளவு பாரம், இதை மட்டும் எழுதுங்கள். பூ வைத்துப் பொட்டு வைத்து எழுத வேண்டாம்.

அம்மா மிளகாய்த்தூள் வறுத்து வைத்திருக்கிறா. யாராவது மெல்பேர்ன் பக்கம் வந்தால் கொடுத்துவிடுவாவாம்.

இப்படிக்கு,
குறுக்கே பேசாத தம்பி,
யதுர்சன்


டார்னெய்ட், மெல்பேர்ன்
2 பெப்ரவரி 2025

அன்பின் யதுவுக்கு,

நானும் கஜீவனும் நல்ல சுகம். அவருக்கு ஆஸ்பத்திரியில் இந்த மாதம் பகல் வேலை, அதனால் வீட்டில் சமையல் நடக்கிறது. அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டதா? "அம்மா சுகம்" என்று இரண்டு சொல்லில் எழுதினால் எனக்கு என்ன தெரியும்? எந்தக் கால், படி ஏறுகிறாவா, இப்படி எழுத வேண்டும்.

பொட்டு வைக்காமல் சொல்கிறேன். வருடம் 1176, வட இத்தாலி. பேரரசர் பிரடெரிக், தாடி சிவப்பு என்பதால் இத்தாலியர் பார்பரோசா என்று கூப்பிட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கமிருந்து படையோடு வந்து, இந்த நகரங்கள் எல்லாம் தனக்கு அடங்க வேண்டும் என்றார். மிலான் அடங்கவில்லை. அதற்குப் பதினாலு வருசத்துக்கு முந்தியே ஒரு தடவை அந்த ஊரை இடித்துத் தள்ளியிருந்தார். இடிக்கக் கை கொடுத்தது யார் தெரியுமா? லோடி மாதிரிப் பக்கத்து ஊர்கள். அவர்களுக்கு மிலானோடு பழைய கோபம். ஐந்து வருசத்துக்குள் பேரரசரின் அதிகாரிகளைத் தாங்க முடியாமல் அந்த ஊர்களே மிலானோடு சேர்ந்து சத்தியம் செய்து, இடித்த ஊரைத் திரும்பக் கட்ட வந்து நின்றன. இதை வாசித்த அன்றைக்குத்தான் நான் இந்தச் சண்டையைப் பிடித்துக்கொண்டேன். "உன் நாட்டுக் கதை மாதிரி என்பதாலா?" என்று மேற்பார்வையாளர் முதல் நாளே கேட்டார். இல்லை, நூலகத்தில் இத்தாலிப் புத்தகங்கள் இருக்கும் பக்கம்தான் ஹீட்டர் இருக்கிறது என்றேன். நம்பினாரோ தெரியாது.

சண்டைக்கு வருகிறேன். லென்யானோ என்ற ஊருக்குப் பக்கத்தில் இரண்டு படையும் சந்தித்தன. நகரங்களின் குதிரைப்படை அடிபட்டு ஓடியது. மிஞ்சியது காலாட்படை. நெசவுகாரர், தச்சர், கடைக்காரர். அவர்கள் நடுவே ஒரு வண்டி. கரோச்சோ என்று பெயர். நாலு சில்லு, மாடுகள் இழுக்கும், உயரமான கொடிமரம், மேலே பூசை மேடை, ஒரு பாதிரியார். அதைச் சுற்றிக் கேடயங்களைச் சேர்த்துப் பிடித்து, ஈட்டியை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பேரரசரின் குதிரைகள் திரும்பத் திரும்ப மோதியும் வரிசை உடையவில்லை. ஓடிய குதிரைப்படை வழியில் பிரெஷா நகரத்து வீரர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து பக்கத்திலிருந்து அடித்தது. பேரரசர் குதிரையால் விழுந்தார். செத்துவிட்டார் என்று அவர் மனைவி துக்க உடுப்புக்கூடப் போட்டுவிட்டா. சில நாளில் மனுசன் உயிரோடு வந்து நின்றார்.

எல்லாம் எழுதி வைத்தவர்கள் ஒன்றை மட்டும் எழுதவில்லை. குதிரைப்படையே ஓடியபோது நெசவுகாரன் ஏன் ஓடவில்லை? என் பதில், அந்த வண்டி ஒரு நகரும் கோட்டை. அடி பலமாக விழும்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்து, வரிசையையும் அதோடு நகர்த்திக் காப்பாற்றினார்கள். அந்த அத்தியாயம் நின்றால் முழு ஏடும் நிற்கும். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். அளவுகள் கடைசிப் பக்கத்தில்.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவிடம் எரிந்து விழாதே.

அன்புடன் அக்கா


வென்ட்வேர்த்வில்
16 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கால். வீக்கம் வற்றிவிட்டது. படி ஏறுகிறா, இறங்கும்போது கைபிடியைப் பிடிக்கிறா. நான் சுகம். திருப்தியா?

அத்தியாயத்தை வாசித்தேன். பிழை. வண்டி நகராது.

நீங்கள் தந்த அளவுகளின்படி கொடிமரம், மேடை, மேலே நிற்பவர்கள் எல்லாம் சேர்த்துப் பாரம் மூன்று தொன். சில்லின் விளிம்பு ஒரு சாண்கூட அகலமில்லை. அவ்வளவு பாரமும் உள்ளங்கை அளவு நாலு இடத்தில் இறங்குகிறது. ஆற்றுப் பக்கத்து ஈர மண் தாங்குவதைப்போல நாலு மடங்கு அழுத்தம். காய்ந்த மண் என்றாலும் மட்டுமட்டுத்தான். றோட்டால் வந்திருக்கும், அதை நம்புகிறேன். வயலுக்குள் இறங்கி ஓரிடத்தில் நின்றுவிட்டால் புதையும். அடுத்தது, மாட்டுக்கு ரிவேர்ஸ் கியர் இல்லை. பின்னுக்கு இழுக்க வேண்டுமென்றால் மாடுகளை அவிழ்த்து மற்றப் பக்கம் கொண்டுபோய்ப் பூட்ட வேண்டும். குதிரைகள் வந்து மோதிக்கொண்டிருக்கும்போதா?

ஆகவே நகரும் கோட்டை என்று ஒன்று இல்லை. இந்த அத்தியாயத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு ஏதாவது எழுதுங்கள். எட்டு வருசத்தில் ஒருத்தரும் இதைக் கவனிக்கவில்லையா? இதற்கு எனக்கு மூன்று பின்னேரம் போனது. கணக்கை இதோடு வைத்திருக்கிறேன். நம்பிக்கை இல்லையென்றால் யாரிடமும் காட்டுங்கள், இதே விடைதான் வரும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

யது


டார்னெய்ட்
27 பெப்ரவரி 2025

அன்பின் யதுவுக்கு,

நாங்கள் சுகம்.

கணக்குக் கிடைத்தது. இங்கே பொறியியல் பகுதியில் ஒருவரிடம் காட்டினேன். சரி என்றார். மினக்கெட்டுச் செய்து தந்ததற்கு நன்றி.

அம்மா படி இறங்கும்போது நீ அவவுக்கு முன்னால் இறங்கு, பின்னால் வராதே. இங்கே நல்ல வெயில். கறிவேப்பிலைக் கன்று ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன் அக்கா


வென்ட்வேர்த்வில்
16 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நான்தான் முன்னால் இறங்குகிறேன். "என்னடா வழியை மறிச்சுக்கொண்டு நிக்கிறாய்?" என்று அம்மா ஏசுகிறா.

என்ன, ஒரு சத்தத்தையும் காணவில்லை? நாலாம் அத்தியாயத்துக்கு வேறு என்ன எழுதினீர்கள்? நீங்கள் எழுதவில்லையென்றால் எழுதுவதில் மும்முரமாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கறிவேப்பிலைக் கன்றுக்கு இவ்வளவு தூரம் தபால் செலவழிக்கத் தேவையில்லை என்றும் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு புதினம். கோயிலில் தேர் ஓடும் பாதையில் ஒரு பக்கத்தைக் கிண்டிப் போட்டிருக்கிறார்கள், திருவிழாவுக்குள் கொங்கிறீட் போட்டு முடியாதாம். ஆகவே இந்த முறை தேர் ஒரு மூலையில் புல்லுக்குள்ளால் போக வேண்டும். தலைவர் மகேந்திரராஜா அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீர் கிரேனுக்கே மண் பாக்கிற ஆள், எங்கட தேருக்கும் ஒருக்காப் பாரும் தம்பி." பார்த்தேன். தடித்த பலகை விரித்தால் போதும். அரை மணித்தியால வேலை. உங்கள் வண்டியைவிடச் சுகம்.

பதில் போடுங்கள்.

யது


டார்னெய்ட்
29 மார்ச் 2025

அன்புள்ள யது,

மாமி, நீர், இருவரும் நல்ல சுகமாய் இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

உம்முடைய அக்கா படிப்பை விடப்போகிறா. எனக்கும் நேராகச் சொல்லவில்லை. போன கிழமை நான் வேலையால் வரும்போது புத்தகங்கள் எல்லாம் பெட்டியில் கட்டி கராஜில் இருந்தன. கேட்டேன். "வீட்டில இடம் காணாது" என்றா. பிறகுதான் சொன்னா, ஏப்ரல் கடைசியில் மேற்பார்வையாளரைச் சந்திக்க நாள் கேட்டிருக்கிறாவாம், அன்றைக்கு விலகுவதாகச் சொல்லிவிடுவாவாம்.

நீர் எழுதியதில் பிழை இல்லை. பிழை இல்லை என்பதுதான் கஷ்டம். "கழற்றி எறியுங்கள்" என்ற வரியை எனக்கு வாசித்துக் காட்டி, "சரியாத்தான் சொல்லுறான்" என்று சிரித்தா. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. உம்மைப் பற்றி ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வரலாறு எனக்குத் தெரியாது, நான் நேர்ஸ். உம்மிடம் என்ன கேட்கிறேன் என்றும் தெரியவில்லை. நான் எழுதியது அவவுக்குத் தெரிய வேண்டாம்.

மாமியைக் கவனமாய்ப் பார்த்துக்கொள்ளும்.

அன்புடன்,
கஜீவன்


வென்ட்வேர்த்வில்
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அம்மா சுகம், இடது கால், வலது கால் இரண்டும். நேற்று முழுக்க நின்றும் ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

நேற்றுத் தேர். என் பலகை வேலை செய்யவில்லை.

நான் தேர் ஓடும் என்று கணக்குப் போட்டேன். சின்ன வயதிலிருந்து வடம் பிடிக்கிறேன், இருந்தும் தேர் எங்கே ஓடுகிறது, நின்று நின்றுதானே போகும் என்பது கணக்குப் போடும்போது என் மூளையில் ஏறவில்லை. புல்லுக்கு வந்ததும்தான் அர்ச்சனைத் தட்டுகள் வந்தன. ஒவ்வொரு தட்டாக ஐயர் வாங்கி, பெயர், நட்சத்திரம் கேட்டு, திருப்பிக் கொடுத்து. முன்னால் தேங்காய் உடைக்கிறார்கள். மேலே மழை வேறு பிடித்துக்கொண்டது. நிற்கிற பாரம் மண்ணை அமுக்கிக்கொண்டே போகும், இது முதலாம் வருசப் பாடம். பலகை வழுக்கி விலகியது. வலப்பக்கத்து முன் சில்லு புல்லுக்குள் இறங்கிவிட்டது.

இழுத்தோம். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"அங்கிள், எங்கட கொம்பனிக்கு அடிச்சா ஒரு சின்னக் கிரேன் எடுக்கலாம்" என்றேன்.

"விசரே உமக்கு? சுவாமி மேல இருக்கேக்க கிரேனோ?" என்றார் மகேந்திரராஜா அங்கிள். பிறகு என்னைக் கூர்ந்து பார்த்து, "பலகை போதும் எண்டு ஆர் சொன்னது?" என்றார். நான் மழையைப் பார்த்தேன்.

வடம் பிடித்த பொடியன்கள், எல்லோரும் பலமான ஆட்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தன் "ஒரு ரீ குடிச்சிட்டு வாறம்" என்றான். அவ்வளவுதான். எல்லோரும் வாகனத்தில் ஏறி வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டார்கள். நானும் போனேன். பலகையும் ஜாக்கியும் எடுத்துவரப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போனேன். போய் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன்.

திரும்பி வர நெடுநேரம். கோயில் வெறுமையாக இருக்கும், நாலு பேர் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அக்கா, ஒருத்தரும் போகவில்லை. அன்ரிமார், அங்கிள்மார், பட்டுச்சேலை முழங்கால்வரை சேறு, தேரைச் சுற்றி வளைத்துக்கொண்டு நிற்கிறார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத ஆட்கள். யாரோ தேவாரம் தொடங்க, ஒரு பக்கம் ஒரு சுருதியில் பாடுகிறார்கள், மற்றப் பக்கம் வேறு சுருதியில். அம்மாவும் அதற்குள். முன் சில்லுக்குக் கட்டை கொடுத்துவிட்டு அதன் மேலேயே ஏறி நிற்கிறா.

போன கோஷ்டி சும்மா வரவில்லை. பிளாக்டவுன் மைதானத்தில் மழையால் ஆட்டம் நின்றுபோன கிரிக்கெட் ரீமைக் கையோடு கூட்டி வந்திருந்தார்கள். அரைவாசிப் பேருக்கு இது எந்தக் கோயில் என்றே தெரியாது. எங்களைக் கண்டதும் ரதி அன்ரி குரல் கொடுத்தா.

"வாங்கோ தம்பிமார். வயிறு நிறைஞ்சுதோ? பல்லுக் குத்த ஈர்க்கு ஏதும் வேணுமோ?"

"அன்ரி, நீங்கள் வீட்டை போயிருக்கலாமே. ஏன் மழைக்குள்ள நிண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தா. "தேர் இடையில நிக்கேக்க எப்பிடியடா போறது? இருப்பிடத்துக்கு வந்தாப் போவம்."

"வராட்டி?"

"வராட்டி நிப்பம். ஓடிக்கொண்டிருந்தா நானும் இடையில ஒருக்காப் போய்ச் சாப்பிட்டிட்டுத்தான் வந்திருப்பன். இது நிக்குதெல்லே."

அந்த இடத்தில் எனக்குத் தலையில் அடித்தது மாதிரி இருந்தது. ரதி அன்ரிக்கு லென்யானோ எங்கே இருக்கிறது என்று தெரியாது. தேர் வந்து சேர்ந்ததும், சேற்றோடேயே வாகனத்துக்குள் இருந்து உங்கள் நாலாம் அத்தியாயத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன்.

என் கணக்குச் சரி. வண்டி நகராது. ஆனால் நான் அங்கேயே நிறுத்திவிட்டு "ஆகவே பிழை" என்று எழுதினேன். அவசரம். அடுத்த வரியை நான் எழுதவில்லை. வண்டி நகராது, ஆகவே அவர்கள் நின்றார்கள். நகரக்கூடிய வண்டி என்றால் அதோடு சேர்ந்து கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்திருப்பார்கள். கொஞ்சம் நகர்ந்தவன் பிறகு இன்னும் கொஞ்சம் நகர்வான், பிறகு ஓடுவான். குதிரைக்காரன் ஓடினான், அவனிடம் விட்டுப் போக ஒன்றும் இருக்கவில்லை. நெசவுகாரனிடம் மண்ணில் புதைந்த ஒரு வண்டி இருந்தது. அதில் ஊரின் கொடி இருந்தது, சாமி இருந்தது. எடுத்துக்கொண்டு போகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். கேள்வி உங்களுடையது. எட்டு வருசம் பிடித்து வைத்திருந்ததும் நீங்கள்தான். அந்த அத்தியாயத்தை எறிய வேண்டாம். தலைகீழாக்குங்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும், பிறகென்றால் எழுத மாட்டேன். ஏழாம் வகுப்பில் என் இங்கிலிஷைப் பார்த்து என்னைக் கீழ்க் கணக்கு வகுப்பில் போட்டார்கள். நீங்கள் சுப்பர்மார்க்கெட் யூனிபோர்மோடு ஸ்கூல் ஆபீஸுக்கு வருவீர்கள். நாளைக்கு வா என்பார்கள். நாளைக்கும் வருவீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும், பெடியள் பார்க்கிறார்கள் என்று தூணுக்குப் பின்னால் நிற்பேன். கடைசியில் ஒரு சோதனை வைத்துப் பார்த்து மேல் வகுப்புக்கு மாற்றினார்கள். இன்றைக்கு நான் மண்ணுக்குக் கணக்குப் போடுகிறேன் என்றால் அது நீங்கள் அந்த ஆபீஸ் வாசலில் நின்றதால். கத்தவில்லை, சண்டை போடவில்லை. போகாமல் நின்றீர்கள், அவ்வளவுதான். நன்றி அக்கா. இருபது வருசம் பிந்திச் சொல்கிறேன்.

தேர் மூன்றாவது இழுவையில் ஏறியது. பச்சைப் பட்டுச் சாத்தி சுவாமி உள்ளே போக இருட்டிவிட்டது.

உங்கள் தம்பி,
யது


டார்னெய்ட்
25 ஏப்ரல் 2025

அன்பின் யதுவுக்கு,

நாங்கள் சுகம். அம்மா கட்டைக்கு மேல் ஏறி நின்றதை எழுதியிருக்கிறாயே, நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்? ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். சரி.

ஒரு தேரை வைத்து எண்ணூற்றைம்பது வருசத்துக்கு முந்தைய சண்டையைத் தீர்க்க முடியாது. ரதி அன்ரியை அடிக்குறிப்பில் போட முடியாது. சோதனையாளர்கள் என்னைத் தேரில் கட்டி இழுப்பார்கள். நெசவுகாரன் மனதில் என்ன இருந்தது என்று நான் எழுதினால் ஆதாரம் எங்கே என்பார்கள், எழுத்தில் இல்லை. ஆனால் வண்டி நகர முடியாது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, அது உன் கணக்கு. நகர முடியாத ஒன்றைச் சுற்றி நிற்கும் படை எப்படி நடந்துகொள்ளும் என்று வேறு சண்டைகளிலிருந்து காட்டலாம். அந்த வழியால் போகலாம் போலிருக்கிறது.

ஆகவே எனக்கு ஒன்று வேண்டும். புதைந்த வண்டியைச் சண்டைக்கு நடுவில் எடுக்க வேண்டுமென்றால் எத்தனை மாடு, எத்தனை ஆள், அவ்வளவு ஆட்கள் கேடயத்தைக் கீழே வைத்தால் வரிசையில் எவ்வளவு பெரிய ஓட்டை விழும்? ஒழுங்காக, நான் விளங்கிக்கொள்ளும்படி எழுது. "பிழை", "சரி" என்று மட்டும் எழுதாதே.

மேற்பார்வையாளரை வருகிற செவ்வாய்க்கிழமை சந்திக்க இருந்தேன். தள்ளிப் போட்டுவிட்டேன். முதலில் புது அத்தியாயத்தை எழுதிவிட்டுப் போகிறேன். கஜீவன் இன்று பின்னேரம் கராஜிலிருந்து பெட்டிகளை உள்ளே தூக்கி வந்தார். நான் கேட்கவே இல்லை. பாட்டுப் பாடிக்கொண்டு தூக்கினார். இந்த மனுசன் பாடி நான் கேட்டதே இல்லை.

ஆபீஸ் வாசல் விசயம் எனக்கு நினைவிருக்கிறது. அந்தத் தூண் உன்னை மறைக்கவில்லை யது. உன் பை வெளியே தெரியும்.

அன்புடன் அக்கா


வென்ட்வேர்த்வில்
11 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அம்மாவுக்குத் தடிமன், சேற்றில் நின்ற பலன், இப்போது சுகம்.

நீங்கள் கேட்ட கணக்கு ஆறு பக்கம். ஒவ்வொரு படியும் ஏன் என்று எழுதியிருக்கிறேன். சுருக்கம் இதுதான். ஒரு பக்கத்து வரிசை முழுவதும் கேடயத்தைப் போட்டுவிட்டு வந்து சில்லைக் கிண்டித் தூக்கினால்தான் வண்டி கிளம்பும். அதாவது, வண்டியைக் காப்பாற்றப் போனால் வண்டி போய்விடும். காவல் நிற்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலையே இருக்கவில்லை. கடைசி வசனம் என் அபிப்பிராயம், வேண்டாமென்றால் வெட்டுங்கள்.

என்னோடு வேலை செய்யும் பார்த்தசாரதியிடம் சரிபார்க்கக் கொடுத்தேன். திருச்சிக்காரர். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தார். "ஏன்டா, உங்க அக்காவுக்கு வேற நல்ல சண்டையே கெடைக்கலையா? நம்ம ஊர்ல இல்லாத சண்டையா?" என்றார். பிறகு மாட்டின் இழுவைப் பலத்தை நான் கூடுதலாகப் போட்டிருக்கிறேன் என்று காட்டினார். "கார் ஓட்டுற பய நீ, உனக்கு மாட்டைப் பத்தி என்ன தெரியும்?" திருத்திவிட்டேன். திருத்திய பிறகு வண்டி இன்னும் நகராது. உங்களுக்கு நல்லது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இதை நான் எழுதுவேன் என்று நினைத்திருக்க மாட்டீர்கள்.

யது


டார்னெய்ட்
30 ஜூன் 2025

அன்பின் யதுவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். இன்று காலை ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்துவிட்டு வந்து சோபாவில் படுத்தேன், எழும்பும்போது பொழுது பட்டுவிட்டது. கஜீவன் குளிருக்குள் வெளியே நின்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறார், "ஓம், குடுத்திட்டா, ஓம், நாலாம் அத்தியாயம்தான் திறமாம்." பக்கத்து வீட்டு பஞ்சாபிக்காரரிடம், தமிழில். அந்த மனுசன் தலையாட்டிக்கொண்டு நிற்கிறார்.

யது, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். லென்யானோ வெற்றிக்குப் பிறகு மிலான்காரர் பொலோஞ்ஞா நகரத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். பேரரசரின் கேடயம், கொடி, ஈட்டி எல்லாம் எங்களிடம் இருக்கிறது, பொன்னும் வெள்ளியும் கிடைத்தது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, ஆனால் இவற்றை எங்களுடையவை என்று நாங்கள் நினைக்கவில்லை, எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று முடிக்கிறார்கள். எட்டு வருசமாக இதை ஒரு அரசியல் தந்திரம் என்றே எழுதி வந்தேன். போன கிழமை, கடைசி அத்தியாயத்தில் அந்த வரியை வெட்டிவிட்டேன். நன்றி என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். ஆதாரம் போதாது. இருக்கட்டும்.

உன் ஆறு பக்கமும் பின்னிணைப்பில் உன் பெயரோடு இருக்கிறது. பார்த்தசாரதிக்கும் நன்றி எழுதியிருக்கிறேன். ரதி அன்ரியை எங்கே வைப்பது என்று தெரியாமல், அவவுக்கு ஒரு சேலை வாங்கியிருக்கிறேன். சேறு பட்டாலும் தெரியாத நிறம்.

ஒரு பிரதி உனக்கு அனுப்புகிறேன். அம்மாவுக்கு வாசித்துச் சொல்லு.

அன்புடனும் நன்றியுடனும்,
அக்கா


வென்ட்வேர்த்வில்
20 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நல்ல சுகம். உங்கள் இருவருக்கும் இப்போதாவது நித்திரை வரும் என்று நினைக்கிறேன்.

புத்தகம் கிடைத்தது. முழுவதும் வாசித்தேன், அடிக்குறிப்பையும் விடவில்லை. நாலாம் அத்தியாயத்தை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். குசினிக் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டா. குதிரைக்காரர் ஓடினார்கள் என்றேன். "ம்." காலாட்கள் நின்றார்கள் என்றேன். "ம்." வண்டி அசையாது, அதனால் இவர்களும் அசையவில்லை என்றேன். "அதுதானே" என்றா, ஏதோ அவவே அங்கே நின்றது மாதிரி. ஓடியவர்கள் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தார்கள் என்றதும் கத்தியை வைத்துவிட்டா.

"வந்தவங்களோ?"

"ஓம் அம்மா, வந்தவங்கள்."

"வரேக்க நிண்டவை என்ன சொன்னவை? ஏசினவையோ?"

நான் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தா.

"அதை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை அம்மா" என்றேன்.

கணக்கை உங்கள் மேல் எறிந்துவிட்டு, உங்களுக்கு என்ன நடந்தது என்று திரும்பியும் பார்க்காமல் இருந்தவன் நான். உங்கள் கடிதங்களையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன் அக்கா. அவற்றிலும் ஓர் ஏச்சும் இல்லை.

உங்கள் தம்பி,
யது